பெரட்டு மணி வழக்கு

காத்தமுத்துவை எங்கள் ஆபீசில் உட்கார வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடிப்படி ஏறி வந்தால் வக்கீல் கருணாகரன் ஆபீஸ். நான் அவருடைய குமாஸ்தா, பெயர் கொர்னேலியஸ். மழையில் ஊறிய காக்கிக் கோட்டோடு வந்து நின்ற அந்தப் பெரியவருக்கு நாற்காலியைக் காட்டினேன். "இருக்கட்டுங்க" என்றார். மறுபடியும் சொன்னேன். கண்ணாலேயே உள்ளறையைக் காட்டினார். உள்ளே எஸ்டேட் மேனேஜர் தினகரன் வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தார். தொரை இருக்கிற கூரைக்குக் கீழே தொழிலாளி உட்காரக் கூடாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் அல்ல, ஒரு மனிதரை இப்படிப் பழக்கி வைத்தவர்கள் மேல்.

இத்தனைக்கும் அந்த இரண்டு பேரும் ஒரே வழக்கில் ஒரே நிலையில் நிற்பவர்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கோர்ட் பாஷையில் எதிரி என்று பெயர். முதல் எதிரி தினகரன், இரண்டாம் எதிரி காத்தமுத்து. பெருமழை நேரத்தில் கோட்டாட்சியர் போட்ட தடை உத்தரவை மீறி ஆட்களை மலைச்சரிவில் வேலைக்கு விட்டார்கள், அதனால் ஓர் உயிருக்கு ஆபத்து வந்தது என்பது புகார். பிரிவு நூற்று எண்பத்தெட்டு. சாதாரணமாக மீறினால் ஒரு மாதம். உயிருக்கு ஆபத்து என்று வந்துவிட்டால் ஆறு மாதம் வரைக்கும் உள்ளே போகலாம். எஸ்டேட்டின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த வழக்கில் நான்தான் எதிரி.

காத்தமுத்து இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போ என்று சொன்னபோது வாலிபம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, கடைசியில் குன்னூருக்குக் கீழே இந்த எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தார். கவாத்துக் கத்தி பிடிப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். தோள் வலுக் குறைந்த பிறகு கம்பெனி அவரைக் காவலுக்கும் மணி அடிக்கவும் மாற்றியது. அந்த மணி என்பது தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. விடிகிற நேரத்தில் இரும்புக் கம்பியால் அதை அடித்தால் லயம் என்கிற வரிசை வீடுகளிலிருந்து எல்லா ஆட்களும் களத்துக்கு வர வேண்டும். அங்கே வைத்து யாருக்கு எந்தத் தேயிலைக் காடு என்று வேலை பிரிப்பார்கள். இலங்கைத் தோட்டத்து வழக்கப்படி அதற்குப் பெயர் பெரட்டு. ஃபேக்டரியில் மின்சாரச் சங்கு வந்த பிறகும் தண்டவாளத்தைக் கழற்றவில்லை. இங்கே கரண்டை நம்பி எவன் பிழைத்தான்?

அது தேயிலை விலை படுத்துக் கிடந்த காலம். ஒரு கிலோ பச்சைத் தேயிலையை விற்றால் குன்னூருக்கு வந்து போக பஸ் காசு தேறாது. சின்ன விவசாயிகள் கொழுந்து எடுக்காமல் செடியை மரமாக வளர விட்டார்கள். எஸ்டேட்டில் வாரத்தில் பாதி நாள்தான் வேலை. ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேரு விழும், பாதி நாள் செய்தால் அரைப்பேரு. பேரு விழாத நாளில் அடுப்பு எரிவது சந்தேகம். மனிதர்கள் மணிச் சத்தத்துக்காகப் படுக்கையில் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார்கள். இது புரியாவிட்டால் இந்த வழக்கே புரியாது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. ரோடு மேல் மண் சரிந்து பஸ் நின்றது, கரண்ட் போயிற்று, போன் செத்தது. சரிவில் இருக்கிற லயங்களைக் காலி செய்து எல்லாரும் மேலே பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், மறு உத்தரவு வரைக்கும் காட்டில் யாரும் வேலைக்கு இறங்கக் கூடாது என்று கோட்டாட்சியர் உத்தரவு போட்டார். அதைச் சொல்ல வி.ஏ.ஓ. தலையாரி மாரிச்சாமியை நடத்தியே அனுப்பினார். மாரிச்சாமி பங்களாவில் மேனேஜரிடம் உத்தரவுத் தாளைக் கொடுத்துவிட்டுக் களத்துக்கு வந்து, "நான் இன்னும் கீழ எஸ்டேட்டுக்குப் போகோணும். ஆளுககிட்ட நீயே சொல்லிருண்ணா" என்று காத்தமுத்துவிடம் பொறுப்பை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

காத்தமுத்து யோசித்தார். லயங்கள் ஆளுக்கொரு மேட்டில். அந்த மழையில் ஒவ்வொரு கதவாகத் தட்ட அவர் முழங்கால் இடம் கொடுக்காது. எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டிச் சொல்லிவிடலாம் என்று கம்பியை எடுத்து மணியை அடித்தார். அவர் செய்த ஒரே காரியம் இதுதான். இத்தனை வருஷம் அவர் அடித்த மணிக்கு ஒரே அர்த்தம் என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அன்றைக்கு வேலை இல்லாத நாள். வேலை இல்லாத நாளில் மணி அடித்தால் என்ன ஆகும்? இடுப்பில் படங்குக் கோணியும் தலையில் பிளாஸ்டிக் தாளும் முதுகில் கூடையுமாக மொத்த லயமும் விழுந்தடித்து ஓடிவந்தது. காத்தமுத்து கல் மேல் ஏறி நின்று, "பெரட்டு இல்ல. லயத்தைக் காலி பண்ணச் சொல்லி கவர்மெண்டு உத்தரவு. சாமான எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்குப் போங்க" என்று கத்தினார். "அப்ப எதுக்குய்யா மணி அடிச்ச?" என்று கூட்டம் அவரைத் திட்டியது.

மணிச் சத்தம் கேட்டு ஜீப்பில் தினகரன் வந்தார். யார் மணி அடித்தது என்று கேட்கத்தான் வந்தார். வந்தவர் கண்ணில் கூடையோடு நிற்கிற கூட்டம் பட்டது. மேல்காட்டில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. விலை இல்லாத காலத்தில் முற்றின கொழுந்தைச் சீண்ட ஆள் கிடையாது. எஸ்டேட்டையே மூடிவிடலாமா என்று கம்பெனி அவரை மாதாமாதம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த மனிதருக்கும் அவருடைய கழுத்தில் கத்தி. "வந்தது வந்துட்டீங்க. மேல்காட்டுல எடுங்க, அரைப்பேரு போடச் சொல்றேன்" என்றார்.

"தொரை, உத்தரவு..." என்று காத்தமுத்து இழுத்தார்.

"எனக்குத் தெரியும். நீ உன் வேலையப் பாரு."

திட்டிக்கொண்டிருந்த கூட்டம் சிரித்துக்கொண்டு மேல்காட்டுக்கு ஓடியது. அதில் காத்தமுத்துவின் மனைவி சுப்பம்மாவும் ஒருத்தி. அவர் அவள் கையைப் பிடித்து, "நீ போகாத புள்ள" என்றார். அவள் கையை உதறினாள். "அரைப்பேரு உங்க கவர்மெண்டா குடுக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பகல் சாப்பாட்டுக்கு முன்னாலேயே மேல்காட்டு விளிம்பு பெயர்ந்து இறங்கியது. சத்தம் கேட்டதும் பெண்கள் கூடையை எறிந்துவிட்டு ஓடித் தப்பினார்கள். சுப்பம்மாவின் கால் மேல் ஒரு சில்வர் ஓக் மரம் விழுந்தது. கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வந்து சேர்வதற்குள் பாதி ரத்தம் போயிருந்தது. உயிர் தங்கியது. ஒரு கால் குட்டையாகி, ஊன்றுகட்டை இல்லாமல் நடக்க முடியாது என்றாயிற்று. ஆஸ்பத்திரிக்கு வந்து விசாரித்த கோட்டாட்சியர் எழுதிக் கொடுத்த புகார்தான் இந்த வழக்கு.

இனி எங்கள் ஆபீஸ் உள்ளறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கதவு சரியாகச் சாத்தாது. சாத்தினாலும் எனக்குக் கேட்கும். ஏற்பாடு இதுதான். நான் யாருக்கும் வேலை கொடுக்கவில்லை, அந்த ஆள் தானாக மணி அடித்துக் கூட்டத்தைச் சேர்த்து அனுப்பிவிட்டான் என்று தினகரன் சொல்வார். காத்தமுத்து குற்றத்தை ஒப்புக்கொள்வார். அபராதத்தை எஸ்டேட் கட்டிவிடும். கேட்டால் எல்லாருக்கும் நல்லது போலத்தான் இருக்கும். ஆனால் கோர்ட்டில் தண்டனை ஆனவரை வேலையில் வைக்க வேண்டியதில்லை என்று எஸ்டேட் விதியில் இருக்கிறது. வேலை போனால் லயத்து வீடும் போகும். இலங்கையிலும் இடமில்லை, இங்கேயும் சொந்தமாக ஒரு சாண் மண் இல்லை. காம்பரா என்கிற அந்த ஒற்றை அறைதான் அவர்களுக்கு உலகத்தில் இருக்கிற இடம். தினகரனுக்கு அந்த விதி தெரியும். "ஒரு காம்பரா காலியானா கம்பெனிக்கும் செலவு மிச்சம்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. என் முதலாளி வக்கீல் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் உப்பைத் தின்கிறவன் நான், ஆனாலும் சொல்கிறேன், அன்றைக்கு அவரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

விசாரணை நாளன்று கோர்ட் வராந்தா பெஞ்சில் புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். சுப்பம்மா அடிபட்ட காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் நீட்டியிருந்தாள். அவளுக்கு அரசுத் தரப்பு சாட்சி சம்மன். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் கேட்கும்படி விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டேன். கட்சிக்காரர் ரகசியம், தொழில் தர்மம் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். காத்தமுத்துவும் எங்கள் கட்சிக்காரர்தான்.

"ஏனுங்க பெரியவரே, ஒப்புக்கிட்டீங்கன்னா அபராதத்தோட முடியாதுங்க. வேலை போயிரும், ஊடும் போயிரும். உள்ள தள்ளுனாலும் தள்ளுவாங்க" என்றேன்.

அவர் அதிர்ச்சி அடையவில்லை. "போகட்டுங்க" என்றார். "மணி அடிச்சது நான்தானே. நான் அடிக்காட்டி இவ காட்டுக்குப் போயிருக்க மாட்டாளே. இவ நொண்டி நொண்டி நடக்கிறதப் பாக்கும்போதெல்லாம் எனக்கு யாரோ தண்டனை குடுத்தா தேவலைன்னு இருக்குங்க."

அதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்தது. சுப்பம்மாவுக்கு வரவில்லை. அவள் வாயைத் திறந்தாள்.

"இந்தாங்க, உங்க மணிக்கா நான் போனேன்? அரைப்பேருக்குப் போனேன். நீங்க கையப் புடிச்சீங்க, நான்தான் உதறிட்டுப் போனேன். என் காலுக்கு நான் பொறுப்பு. பெரிய மனுசனாட்டம் அதையும் நீங்க தூக்கிச் சுமக்க வேணாம். காம்பராவ வுட்டுட்டு இந்தக் காலோட நான் எங்க போய் ஒக்காருவேன்? அதச் சொல்லுங்க மொதல்ல."

அதற்குள் டவாலி கூப்பிட்டுவிட்டார்.

மேஜிஸ்ட்ரேட் அம்மா குற்றச்சாட்டை வாசித்தார். தினகரன் மறுத்தார். "நீங்க?" என்று காத்தமுத்துவைக் கேட்டார். அவர் கை கட்டி நின்றார். எங்கள் வக்கீல் தலையை ஆட்டி ஜாடை காட்டினார்.

"மணி அடிச்சது நான்தாங்க. குத்தம் என்னுதுதான்."

முக்கால்வாசிக் கோர்ட்டில் இத்தோடு கதை முடிந்திருக்கும். அந்த அம்மா பேனாவைத் திறக்கவில்லை. "எதுக்காக அடிச்சீங்க?" என்றார்.

"லயத்தைக் காலி பண்ணச் சொல்லி தலையாரி சொன்னாருங்க. அதை ஆளுங்களுக்குச் சொல்றதுக்கு."

"வேலைக்குப் போகச் சொன்னது?"

காத்தமுத்து முதல் எதிரியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாது. தொரையைக் காட்டிக்கொடுக்கவும் வராது.

"இவர் சொல்றது குற்றத்தை ஒப்புக்கொள்றது இல்லை. உத்தரவை நிறைவேத்தப் போனேன்னு சொல்றார்" என்று எழுதச் சொன்னார் மேஜிஸ்ட்ரேட். கருணாகரனைப் பார்த்து, "இரண்டு பேருக்கும் நீங்களே ஆஜராக முடியாது" என்றார். காத்தமுத்துவுக்கு இலவச சட்ட உதவியில் வேறு வக்கீல் போட உத்தரவானது. என் முதலாளி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நான் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு கீழே குனிந்து நடந்தேன், சிரிப்பு தெரியக் கூடாது என்று.

வாய்தா மேல் வாய்தாவாகி அடுத்த கோடைக்குத்தான் சாட்சி விசாரணை வந்தது. உத்தரவைப் பங்களாவில் கொடுத்துவிட்டுக் காத்தமுத்துவிடமும் சொன்னேன் என்று மாரிச்சாமி சாட்சி சொன்னான். களத்தில் நின்றிருந்த தொழிலாளர்கள் யாருக்கும் எதுவும் ஞாபகமில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நாளைக்கும் பேரு விழ வேண்டும். பிறகு சுப்பம்மா கூண்டு ஏறினாள். ஊன்றுகட்டையைக் கூண்டுக் கம்பியில் சாய்த்து வைத்தாள்.

"தடை உத்தரவு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அரசு வக்கீல்.

"தெரியும் சாமி. என் வூட்டுக்காரர் கல்லு மேல ஏறி நின்னு கத்துனாரு."

"தெரிஞ்சும் போனீங்களா?"

மேஜிஸ்ட்ரேட் குறுக்கிட்டு, உங்களையே சிக்க வைக்கிற மாதிரிப் பதில் சொல்லும்போது யோசித்துச் சொல்லுங்கள் என்று எச்சரித்தார்.

"யோசிக்க என்ன இருக்குதுங்க. தொரை அரைப்பேரு போடறேன்னாரு, போனேன். நான் மட்டுமில்ல, மொத்த லயமும்தான் போச்சு. குத்தம்னா எல்லாருத்தையும் புடிங்க. மணி அடிச்ச மனுசன் ஒருத்தர்தான் போகாதன்னு சொன்னாரு. அவரப் போயி இங்க நிறுத்தி வெச்சிருக்கீங்க."

தினகரனின் வக்கீல், அதாவது என் முதலாளி, புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாய் என்று அவளை மடக்கப் பார்த்தார். "பொய் சொல்றதுன்னா கால் நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டு வேலைக்குப் போயிருப்பேனே சாமி" என்றாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பில் காத்தமுத்து விடுதலை. தினகரனுக்கு அபராதமும், கோர்ட் கலையும் வரைக்கும் சிறையும். பெயர்தான் சிறை. அன்றைக்குக் கோர்ட் முடியும் வரைக்கும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பெண்ணின் கால் போனதற்கு ஒரு பகல் பெஞ்சு. சட்டம் அப்படி, என்ன செய்ய?

அதைவிடக் கூத்து ஒன்று நடந்தது. விடுதலையான காத்தமுத்து வீட்டுக்குக் கிளம்பவில்லை. தினகரன் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்றுகொண்டார். "வாங்க போலாம், பஸ்ஸு போயிரும்" என்று சுப்பம்மா வாசலில் இருந்து கத்தினாள். "தொரை தனியா இருக்காரு புள்ள" என்றார். தினகரன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மத்தியானம் போல, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, "உட்காரு" என்று முணுமுணுத்தார். காத்தமுத்து உட்காரவில்லை. சாயங்காலம் கோர்ட் கலைந்த பிறகுதான் பஸ் ஏறினார். சுப்பம்மா வழியெல்லாம் அவரைத் திட்டியிருப்பாள். எனக்கும் நாலு வார்த்தை திட்ட ஆசைதான்.

வேலையும் வீடும் தப்பின. நான் உள்ளபடியே சந்தோஷப்பட்டேன். அடுத்த ஐப்பசியில் லவ்டேலில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பெருமைப்பட்டுக்கொள்ளத்தான், குன்னூரில் இறங்காமல் அப்படியே கீழே அவர்களைப் பார்க்கப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர்கள் லயம் மண் சரிந்த இடத்தின் விளிம்பில் இருந்தது. பின்சுவரில் என் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. கோணிச் சாக்கைத் திணித்து அடைத்திருந்தார்கள்.

"இங்கயா இருக்கறீங்க?" என்று கேட்டேன்.

பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்று மழை விட்டதும் எல்லாரையும் முகாமிலிருந்து அனுப்பிவிட்டார்களாம். விலை இல்லாத நேரத்தில் புது லயம் கட்டப் பணம் இல்லை என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. கம்பெனி நிலத்தில் நாங்கள் கட்ட முடியாது என்று அரசாங்கமும் விரித்துவிட்டது. ஆனால் லயத்தில் குடியிருக்கக் கூடாது என்ற கோட்டாட்சியர் உத்தரவை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை. அந்த வாரம்தான் மாரிச்சாமி வந்து கதவில் புது நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தான். கீழே அதே பிரிவு, நூற்று எண்பத்தெட்டு. இந்த வீட்டுக்காகத்தான் அவர்கள் கோர்ட் ஏறினார்கள், ஜெயித்தார்கள். ஜெயித்த வீட்டில் படுத்து எழுந்திருப்பதே குற்றம். எனக்கு வந்த கோபத்துக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

சுப்பம்மா சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். பால் விடாத வெறும் தேநீர்தான், நல்ல கடுப்பு. காத்தமுத்து நோட்டீசைக் காட்டி, "இதுக்கு என்ன தண்டனைங்க?" என்று கேட்டார்.

"அதேதானுங்க. ஆறு மாசம் வரைக்கும் உள்ள போடலாம். எல்லாம் போட மாட்டாங்க, பயப்படாதீங்க" என்றேன்.

சுப்பம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ரெண்டு பேரையுமா போடுவாங்க தம்பி?"

"அட, போட மாட்டாங்கன்னுதானே அக்கா சொல்றேன்."

"இல்ல, போட்டா இந்த மழை முடியறவரைக்கும் போடச் சொல்லி அந்தம்மாகிட்ட நீங்க கேட்டுப் பாருங்களேன். ஜெயிலு கல்லுக் கட்டடம்தானே?"

கேலி பண்ணுகிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். காத்தமுத்துவும் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.